உள்ளங்கை அளவு ஓர் அமானிதம்



மத்ரஸாவில் நாம் பாடம் நடத்தும் மேசையின் இழுப்பறையில் ஒரு சுட்டமண் சில்லு கிடக்கிறது. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. ஒரு பக்கம் பாசியும் கடல்நீரும் கலந்தாற்போன்ற பச்சை மெருகு. மறுபக்கம் பூச்சு ஏதுமற்ற செம்மண் நிறம். பேனா தேடும் பிள்ளைகளின் கையில் அது அடிக்கடி அகப்படும். "ஹழ்ரத், இது என்ன?" என்று கேட்பார்கள். "ஜப்பானில் ஒரு பெரியவருடைய தொட்டி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாடத்துக்குத் திரும்பிவிடுவது நமது வழக்கம். முழுவதையும் சொல்லக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தை இனியும் சுமக்க வேண்டாம் என்று எண்ணி இதனை எழுதுகிறோம்.

2014ஆம் ஆண்டு தொடங்கி மூன்றாண்டுகள் ஜப்பானின் நகோயா நகரில் குடும்பத்துடன் இருந்தோம். அங்கே பணிபுரியும் நம்மவர் சிலர் தம் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டுமென்று அழைத்திருந்தனர். தரைத்தளத்தில் இரண்டு அறைகள் கொண்ட சிறிய வாடகை வீடு. மாலையில் பிள்ளைகள் வருவார்கள். பகற்பொழுது பெரும்பாலும் ஓய்வுதான். பக்கத்து வீட்டில் எழுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவர் தனியாக வாழ்ந்துவந்தார். நமது வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் இடையில் இடுப்பளவு உயரமுள்ள ஒரு சுவர். அதற்கு அப்பால், மரப்பலகை அடுக்கின்மேல், அவருடைய மரங்கள் இருந்தன.

மரங்கள் என்று சொன்னால் வாசகர்கள் நம்ப மாட்டார்கள். பதினான்கு மரங்களும் சேர்ந்து நமது மேசை ஒன்றில் அடங்கிவிடும். மேப்பிள் மரம் ஒன்று ஒரு சாண் உயரம்கூட இல்லை. ஆனால் அடிமரம் பருத்து, வேர்கள் மண்ணைப் பற்றிப் படர்ந்து, கிளைகள் விரிந்து, தொலைவில் நிற்கும் பெருமரம் போலவே தோன்றும். தேவதாரு வகையில் ஒன்று, எல்ம் மரம் ஒன்று, சிவந்த பூப்பூக்கும் குட்டைச் செடி ஒன்று என்று ஒவ்வொன்றும் ஒரு கையால் எடுத்துவிடக்கூடியவை. போன்சாய் என்னும் சொல்லில் 'போன்' என்பது தட்டையும் 'சாய்' என்பது நடுவதையும் குறிக்கும். அவற்றுள் இருபது சென்டிமீட்டருக்கு உட்பட்ட சிறியவற்றை ஷோஹின் என்பர். பத்து சென்டிமீட்டருக்கும் குறைந்தவை மாமே. மாமே என்றால் அவர்கள் மொழியில் பயறு.

தொடக்கத்தில் நமக்கு அவை பிடிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஓங்கி வளரவேண்டிய மரத்தை நறுக்கி, கம்பி சுற்றி, கையகலத் தொட்டியில் அடைத்துவைப்பது கொடுமையல்லவா என்று அவரிடம் ஒருநாள் கேட்டேவிட்டோம். அரைகுறை ஜப்பானிய மொழியில் கேட்டதால் சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டோம் போலும். அவர் சினக்கவில்லை. எல்ம் மரத்தை எடுத்து நம் கையில் வைத்து, "சென்செய், இது என்னைவிட நலமாக இருக்கிறது" என்றார். சென்செய் என்றால் ஆசிரியர். அப்படித்தான் நம்மை அழைப்பார். அந்த மறுமொழி நமது கேள்விக்குத் தீர்வாகுமா என்பதில் நமக்கு இன்றும் ஐயம் உண்டு. ஆனால் மரத்தைக் கையில் வாங்கிய அந்தக் கணத்தில் நமது கண் மரத்திலிருந்து நழுவித் தொட்டிக்குச் சென்றுவிட்டது.

ஐந்து சென்டிமீட்டர் அகலம், மூன்று சென்டிமீட்டர் உயரம். நீள்வட்ட வடிவம். அடியில் அரிசிமணிபோல் நான்கு சிறு கால்கள். கவிழ்த்துப் பார்த்தால் நடுவில் ஒரு துளை, அதன் அருகில் குயவரின் முத்திரை. இத்தனையும் விரல்களால் செய்யப்பட்டவை. அச்சில் வார்த்ததன்று என்பதை அதன் ஒரு பக்கத்தில் தெரிந்த மெல்லிய விரல் தடமே சொன்னது.

அன்றிலிருந்து அவர் மரங்களைப் பற்றிப் பேசினால் நாம் தொட்டிகளைப் பற்றிக் கேட்கத் தொடங்கினோம். அவருக்கும் அது பிடித்திருந்தது. இளமையில் அவர் நகோயாவுக்குத் தெற்கே தோக்கோனாமே என்னும் ஊரில் வேலை செய்தவர். ஜப்பானின் பழம்பெரும் ஆறு சூளை ஊர்கள் என்று கூறப்படுபவற்றுள் அதுவும் ஒன்று. அவ்வூரின் களிமண் இரும்புச்சத்து மிக்கது, சுட்டால் சிவக்கும். அந்த மண்ணில் ஒரு காலத்தில் பெருஞ்சாடிகள் செய்தார்கள். பின்னர் மெய்ஜி காலத்தில் நாடு முழுவதற்குமான கழிவுநீர்க் குழாய்களைச் செய்தார்கள். நம் பெரியவர் சுமந்தவை அந்தக் குழாய்களே. பிளாஸ்டிக் குழாய்கள் வந்து அத்தொழில் நலிந்தது. குழாய் செய்த ஊரிலேயே விரல் நுனியளவு தொட்டிகளும் பிறந்தன என்பது நமக்கு வியப்பாக இருந்தது. அவருக்கு அதில் வியப்பேதும் இல்லை. "நீர் போக வழிவிட வேண்டும், இரண்டுக்கும் வேலை அதுதானே" என்றார்.

அவர் சொல்லித்தந்தவற்றுள் சிலவற்றை இங்கே பதிந்துவைக்கிறோம். தேவதாரு, ஜூனிப்பர் போன்ற என்றும் பசுமையான மரங்களுக்கு மெருகு பூசாத, பழுப்பு அல்லது செந்நிறத் தொட்டிகளே பொருந்தும். இலையுதிர்க்கும் மரங்களுக்கும் பூ, கனி தரும் மரங்களுக்கும் மெருகு பூசிய வண்ணத் தொட்டிகளைத் தேர்வார்கள். வெளிப்பக்கம் எத்துணை அழகாக மெருகிட்டாலும் உட்பக்கத்தில் மெருகு பூசுவதில்லை. வேருக்கு வழவழப்பு ஆகாது. துளை இல்லாத தொட்டி எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் மரத்துக்குப் பயனற்றது. கால்கள் அழகுக்காக மட்டும் வைத்தவையல்ல. அவை இல்லையென்றால் அடித்துளை பலகையோடு ஒட்டி நீர் தேங்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பார்ப்பவர் கண் முதலில் தொட்டியில் விழுந்துவிட்டால் அந்தத் தொட்டி தோற்றுவிட்டதாம். நமது கண் முதலில் அங்கேதான் விழுந்தது என்பதை அவரிடம் நாம் சொல்லவில்லை.

இத்தகைய சிறு மரங்களுக்கு ஜப்பானில் பெருமை சேர்த்தவருள் ஒருவர் மட்சுதைரா யோரினாகா என்னும் கோமான். தக்காமட்சு பகுதியை ஆண்ட குடும்பத்தின் தலைவர். 1937 முதல் 1944 வரை அந்நாட்டு மேலவையின் தலைவராக இருந்தவர். 1934இல் தோக்கியோவின் உஎனோவில் தொடங்கிய புகழ்பெற்ற கொக்குஃபு போன்சாய்க் கண்காட்சிக்கு முன்னின்றவரும் அவரே. அத்தகைய அதிகாரம் படைத்த மனிதர் தம் மனைவியுடன் சேர்ந்து பயறளவு மரங்களை வளர்த்து மகிழ்ந்தார்.

சிறு தொட்டிகளைச் செய்தவர்களுள் பெரும்பெயர் பெற்றவரோ ஏழைக் குயவர். கியோத்தோவில் வாழ்ந்த அவரை ஹெயன் தோஃபுக்குஜி என்று அழைப்பார்கள். ஹெயன் என்பது கியோத்தோவின் பழம்பெயர்; தோஃபுக்குஜி அங்குள்ள ஒரு பௌத்த ஆலயத்தின் பெயர். இயற்பெயர் மிஸுனோ கிசபுரோ. 1890இல் பிறந்து 1970இல் மறைந்தார். சொந்தச் சூளை வைத்துக்கொள்ள வசதியற்றவர். பிறருடைய சூளைகளில் மிஞ்சிய மூலைகளைக் கேட்டுப்பெற்றுத் தம் தொட்டிகளைச் சுட்டார். ஒவ்வொரு சூளையின் அனலும் ஒவ்வொரு விதமாக இருந்ததால் அவருடைய மெருகுகளும் எண்ணற்ற வகையாகிவிட்டன. இன்று அவற்றின் விலையைக் கேட்டால் நமக்குத் தலைசுற்றும். நம் பெரியவரிடம் அவர் செய்த தொட்டி ஒன்றுகூட இல்லை. படங்கள் நிறைந்த ஒரு நூல் மட்டுமே இருந்தது. அதன் பக்கங்களை நம் மகன் சலிக்காமல் புரட்டுவான். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. பெரியவரை 'ஓஜீசான்', அதாவது தாத்தா, என்று அழைப்பான்.

2015 ஜூலை இறுதியில் பெரியவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வண்டி வந்து நின்றபோதும் அவர் கேட்டது மரங்களைத்தான். மகள் தொலைவான ஊரில் இருந்தார். அவரால் ஓரிரு நாள்தான் தங்க முடியும். நாம் முன்சென்று, "நாம் பார்த்துக்கொள்கிறோம்" என்றோம். அவர் நம் கையைப் பிடித்து இருமுறை தலைவணங்கினார். மறுநாள் அவருடைய மகள் ஒரு தாளைக் கொண்டுவந்து தந்தார். படுக்கையிலிருந்தபடி அவர் சொல்லச் சொல்ல எழுதியது. மகனுக்கும் புரியவேண்டுமென்று எளிய எழுத்தில் எழுதச் சொல்லியிருந்தார்.

நகோயாவின் கோடை கடுமையானது. வெப்பம் முப்பத்தைந்து பாகையைத் தாண்டும். காற்றிலோ ஈரப்பதம் அப்பிக்கிடக்கும். கைப்பிடி மண்கூட இல்லாத தொட்டி அந்த வெயிலில் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஒருவேளை தவறினால் நாற்பது ஆண்டு மரம் மாலைக்குள் கருகிவிடும். எனவே நாளுக்கு மூன்று முறை நீர். அதுவும் ஒரு முறை ஊற்றி, மண் நனைந்தபின் மீண்டும் ஊற்றி, அடித்துளை வழியே வழியும்வரை பார்க்க வேண்டும். பூவாளியின் நுண்ணிய துளைகள் வழியாக மழைத்தூறல்போல் விழவேண்டும். வேகமாக ஊற்றினால் மண்ணே வெளியேறிவிடும். நண்பகலில் ஈர மணல் பரப்பிய தட்டின்மேல் தொட்டிகளை வைத்தால் சூடு தணியும். தாளின் இறுதியில் கோடிட்டு எழுதியிருந்தது ஒன்று: சுவரின்மேல் ஒருபோதும் வைக்கவேண்டாம்.

தொழுகை நேரங்களோடு அந்த வேலையை இணைத்துக்கொண்டோம். அங்கே கோடையில் விடிகாலை மூன்று மணியளவிலேயே சுபுஹ் நேரம் வந்துவிடும். தொழுதுவிட்டுச் சற்று ஓதியிருந்து, வெளிச்சம் பரவியதும் முதல் நீர். லுஹருக்கு முன் இரண்டாவது. அஸருக்குப்பின் மூன்றாவது. மகன் கூடவே வருவான். மாமே தொட்டிகளுக்கு நீர் ஊற்றுவது அவன் பொறுப்பு என்று தானே எடுத்துக்கொண்டான். அந்தப் பத்துப் பன்னிரண்டு நாள்கள் நமது வாழ்வில் மிக இனியவை. உள்ளங்கையில் தொட்டியை ஏந்தி, அடியில் நீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கையில் மனம் வேறெங்கும் செல்லாது.

ஆனால் பலகை தாழ்வாக இருந்தது. நாளுக்கு மூன்று முறை குனிந்து நிமிர்ந்ததில் இடுப்பு வலித்தது. சுவரோ இடுப்பளவு உயரம். அகலமும் ஒரு சாண் இருக்கும். நீர் ஊற்றும் நேரத்துக்கு மட்டும் சிறு தொட்டிகளைச் சுவரின்மேல் வரிசையாக வைத்து, ஊற்றி முடித்ததும் எடுத்துவிடலாம் என்று தொடங்கினோம். தாளில் எழுதியிருந்தது நினைவில் இல்லாமலில்லை. ஊற்றும் நேரத்துக்கு மட்டும்தானே என்று நமக்கு நாமே ஃபத்வா கொடுத்துக்கொண்டோம். சில நாள் கழித்து, எடுத்துவைப்பதும் தள்ளிப்போயிற்று.

ஆகஸ்ட் மாதத்தின் ஒரு நண்பகல். ஊரிலிருந்து தொலைபேசியில் ஓர் உறவினர் பேசிக்கொண்டிருந்தார். நேரமாகிறதே என்று மகனைத் தனியே அனுப்பினோம். சற்று நேரத்தில் சிறிய ஓசை ஒன்று கேட்டது. தேநீர்க் கோப்பையை மேசைமேல் வைக்கும் ஓசையைவிடப் பெரிதன்று. வெளியே சென்று பார்த்தபோது பூவாளியைப் பிடித்தபடி மகன் அசையாமல் நின்றான். எல்ம் மரம் தரையில் கிடந்தது. அதைச் சுற்றிப் பச்சைச் சில்லுகள்.

நாம் அவனைக் கடிந்துகொண்டோம். சொற்களை இங்கே எழுத விருப்பமில்லை. கவனமின்மை, பொறுப்பின்மை, அமானிதத்துக்குத் துரோகம் என்று ஓர் உரையே நிகழ்த்திவிட்டோம். அவன் அழவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சன்னமான குரலில், "அங்க வச்சது நீங்கதானே அத்தா?" என்றான். அதற்கு நாம் மறுமொழி சொல்லாமல் உள்ளே சென்றுவிட்டோம்.

மரத்தைக் காப்பாற்றியாக வேண்டும். இத்தகைய மரங்களை வேறு தொட்டிக்கு மாற்றுவது இளவேனில் தொடக்கத்தில்தான். கோடையில் வேரைக் குலைத்தால் பிழைப்பது அரிது. தொட்டியின் வடிவிலேயே வேர்கள் பின்னி ஒரு கட்டியாக நின்றதால் அதைக் கலைக்காமல் அப்படியே எடுத்து, பெரியவரின் கொட்டகையிலிருந்த சற்றுப் பெரிய தொட்டியில் வைத்துச் சுற்றிலும் மண்மணிகளை நிரப்பி, நிழலில் வைத்தோம். அக்காதாமா எனப்படும் எரிமலைப் பகுதி மண்ணைச் சலித்தெடுத்த மணிகள் அவை. சில்லுகள் ஆறு. பொறுக்கி ஒரு கைக்குட்டையில் முடிந்தோம்.

இனி எழுதப்போவதுதான் நமக்குக் கூச்சம் தருவது. வாரம் ஒருமுறை பெரியவரைப் பார்க்க மருத்துவமனைக்குச் செல்வோம். அந்த வாரமும் சென்றோம். "மரங்கள் எப்படி?" என்று கேட்டார். "பசுமையாக இருக்கின்றன" என்றோம். அது பொய்யன்று, எல்ம் மரமும் அன்றுவரை பசுமையாகத்தான் இருந்தது. பொய் சொல்லாமலேயே ஒருவரை ஏமாற்ற முடியும் என்பது மொழி அரைகுறையாகத் தெரிந்தவனுக்கும் எளிதாகக் கைவருகிறது. வீடு திரும்பும் வழியிலேயே ஒரு திட்டம் உருவாகிவிட்டது. அவருக்குப் பார்வை மங்கல். வீடு திரும்ப இன்னும் மாதம் ஆகும். அதே அளவில், அதே நிறத்தில் ஒரு தொட்டியை வாங்கிவந்து வைத்துவிட்டால் யாருக்கும் நட்டமில்லை. நட்டத்தை ஈடு செய்வதுதானே மார்க்கமும் கூறுவது! இப்படியெல்லாம் ஆதாரங்களை அடுக்கிக்கொண்டோம். நமது துணைவியாரோ ஒவ்வோர் இரவும் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டார். "எப்பச் சொல்லப் போறீங்க?"

ஒரு சனிக்கிழமை காலை, கைக்குட்டை முடிச்சோடு தோக்கோனாமேக்கு ரயிலேறினோம். நகோயாவிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். மகன் தானும் வருவேன் என்று முன்னதாகவே காலணி அணிந்து நின்றான். அழைத்துச் சென்றோம்.

மேடும் பள்ளமுமான ஊர். செங்கல் புகைபோக்கிகள் ஆங்காங்கே நின்றன, பல புகைவிடாதவை. ஒரு சரிவான பாதையின் ஒருபக்கச் சுவர் முழுவதும் பழைய சுட்டமண் குழாய்களை அடுக்கிக் கட்டியது. மறுபக்கம் பழைய மதுச்சாடிகளை அடுக்கியது. பெரியவர் இவற்றைத்தான் சுமந்திருப்பார் என்று மகனிடம் சொன்னோம். அவன் குழாயின் வாய்க்குள் கையை விட்டுப் பார்த்தான். சற்று மேலே மலைச்சரிவில் ஏறிச்செல்லும் பழைய சூளை ஒன்று உள்ளது. 1887இல் கட்டப்பட்டு 1974வரை நெருப்புக் கண்டது. எட்டு அறைகள், பின்புறம் உயரம் வேறுபட்ட பத்துப் புகைபோக்கிகள். கீழே மூட்டிய அனல் அறை அறையாக மேலேறிச் செல்லுமாம். அதனுள் குனிந்து நின்றபோது சுவர்களே மெருகு பூசியவைபோல் மின்னின. விறகின் சாம்பல் பல்லாண்டுகள் படிந்து உருகி அப்படி ஆகியிருக்கிறது.

விசாரித்து ஒரு குயவரின் பட்டறையைக் கண்டடைந்தோம். அறுபது வயதைக் கடந்தவர். சாளரத்தோரம் நீண்ட பலகையில் சுடாத சிறு தொட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு தொட்டியின் காலை மூங்கில் கத்தியால் செதுக்கிக்கொண்டிருந்தவர், மகனைப் பார்த்ததும் அருகில் அழைத்துக் காட்டினார். மண் காயும்போதும் சுடும்போதும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிவிடும். ஐந்து சென்டிமீட்டர் தொட்டி வேண்டுமென்றால் அந்தச் சுருக்கத்தைக் கணக்கிட்டுப் பெரிதாகச் செய்ய வேண்டும். விளிம்பு ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்தால் சூளையில் திருகிக்கொள்ளும். பெருந்தொட்டியில் கண்ணுக்குத் தெரியாத கோணல் சிறு தொட்டியில் முகத்தில் அறையும். ஆயிரத்து இருநூறு பாகை அளவுக்குச் சூளை சூடேறிவிட்டால் குயவர் செய்ய ஒன்றுமில்லை. ஆறித் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். நாம் பெரிதும் எதிர்பார்த்து வந்த வேலை வேறு என்றாலும், அவர் கைகளைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றுவிட்டோம்.

பிறகு முடிச்சை அவிழ்த்தோம். அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு சில்லுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார். முத்திரை இருந்த துண்டைக் கவிழ்த்தவுடன் முகம் மாறியது. செய்தவரை அவருக்குத் தெரியும். குழாய்த் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் தொட்டி செய்தவராம். மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. இந்தப் பச்சை அவரே கலந்த சாம்பல் மெருகு. கலவையை எங்கும் எழுதிவைக்கவில்லை. சுட்ட பழஞ்சூளையும் இப்போது இல்லை. "நானும் பச்சை செய்வேன். ஆனால் இது வராது" என்றார். பின்னர் மெருகின்மேல் படிந்திருந்த மங்கலைச் சுட்டினார். நாற்பதாண்டு நீரும் வெயிலும் கைகளும் தந்த நிறம் அது. அதனை அவர்கள் 'ஜிதாய்' என்கிறார்கள். காலம் என்று பொருள். புதுத் தொட்டிகளுக்கு அதனைப் பூச முடியாது. போலியாக ஏற்றுவோரும் உண்டு என்று சிரித்தார்.

சில்லுகளைக் கைக்குட்டையில் அவரே மடித்துத் தந்தார். "உரியவருக்கு மிகவும் வருத்தமாக இருந்திருக்கும். என் ஆறுதலைச் சொல்லுங்கள்" என்றார். உரியவருக்கு இன்னும் தெரியாது என்பதை அந்த மனிதர் எண்ணிப் பார்க்கவும் இல்லை. நாம் தலைகுனிந்து நின்றோம். அதை அவர் தம் ஊர் முறைப்படி செய்த வணக்கமென்று கருதியிருக்கக் கூடும். மகன் நம்மை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அங்கேயே ஒரு தொட்டி வாங்கினோம். அளவு ஏறத்தாழ அதுவே. பச்சைதான், ஆனால் புதுப் பச்சை. விலை 6,500 யென். அன்றைய நமது வருவாயில் வீட்டுக்கு ஒரு மாத அரிசி அது. அதில் வீண்விரயம் பற்றிய நினைப்பு எழாமலில்லை. ஆனால் அதன் கால்களை அவர் செதுக்கிய விதத்தைப் பார்த்துவிட்டதால் பேரம் பேச நாவெழவில்லை.

ரயிலில் மகனிடம் சொன்னோம்: "அன்றைக்கு உன்னைத் திட்டியது தவறு. சுவரில் வைத்தது நாம்தான்." அவன் சாளரத்துக்கு வெளியே பார்த்தபடி, "தெரியும்" என்றான். பிறகு, "ஓஜீசான்ட்ட நான் வந்து சொல்லட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம், நாமே சொல்கிறோம் என்றோம். வீட்டுக்குப் போகாமல் நேரே மருத்துவமனைக்குச் சென்றோம்.

பெரியவர் தலையணையில் சாய்ந்து அமர்ந்திருந்தார். தெரிந்த சொற்களையெல்லாம் ரயிலிலேயே திரட்டி வைத்திருந்தோம்; வாய் திறந்ததும் பாதி மறந்துவிட்டது. எல்ம் மரத்தின் தொட்டி உடைந்தது, உடைந்து இரண்டு வாரமாயிற்று, தாளில் எழுதியிருந்தும் சுவரின்மேல் வைத்தது நாம், சென்ற வாரம் மறைத்தோம் என்று முறையில்லாமல் சொல்லி முடித்துக் கைக்குட்டையை அவர்முன் வைத்தோம்.

"மரம்?" என்றார்.

உயிருடன் இருக்கிறது, நிழலில் வைத்திருக்கிறோம் என்றோம். அதன்பின் அவர் நெடுநேரம் பேசவில்லை. சில்லுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போர்வையின்மேல் பரப்பினார். பரவாயில்லை என்று சொல்வார், ஜப்பானியர் அப்படித்தான் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தோம். அவர் சொல்லவில்லை. "வருத்தமாக இருக்கிறது" என்றார். செய்தவர் அவருடைய நண்பர். குழாய்த் தொழிற்சாலையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். திருமணப் பரிசாகத் தந்த தொட்டி; அந்த எல்ம் மரத்தை அதில் முதலில் நட்டவர் மறைந்துபோன அவர் மனைவி. இவ்வளவையும் அதுவரை அவர் நம்மிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சுவரின்மேல் வைத்திருக்க மாட்டோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டோம். உண்மையான விடை நமக்கு உவப்பாக இல்லை.

சற்றுப் பொறுத்து அவர் மகன் பக்கம் திரும்பினார். நாம் சொன்னதில் மகனின் பெயரே வரவில்லை. ஆயினும் எப்படியோ அறிந்துகொண்டார். "உனக்கு அடி ஏதும் படவில்லையே? சில்லு கூர்மையானது" என்று கேட்டார். அப்போதுதான் மகன் அழுதான். அன்று அவனுடைய கால்களை நாம் பார்க்கவேயில்லை என்பதும் அப்போதுதான் நம் நினைவுக்கு வந்தது.

பொன் கலந்த அரக்கால் உடைந்த கலங்களை ஒட்டும் கலையைப் பற்றி வாசகர்கள் அறிந்திருக்கக்கூடும். நாமும் அதைச் சொல்லிப் பார்த்தோம். அவர் தலையசைத்து மறுத்துவிட்டார். தேநீர்க் கிண்ணத்துக்கு அது சரி. நாள்தோறும் நனைந்து காய்ந்து, உள்ளிருந்து வேர்கள் நெருக்கும் தொட்டிக்கு அது நிற்காது என்றார். வாங்கிவந்த புதுத் தொட்டியைக் கையில் ஏந்தி உருட்டிப் பார்த்தார். "நல்ல கால்கள்" என்றார். "பளபளப்பு அதிகம். மார்ச் மாதம் மாற்றலாம். அதுவரை நீர் ஊற்றுங்கள், சென்செய்." பொறுப்பு நம்மிடமிருந்து பறிக்கப்படும் என்று எண்ணியிருந்தோம். சுவரின்மேல் வைக்கவேண்டாம் என்பதை அவர் மறுமுறை சொல்லவில்லை.

செப்டம்பர் இறுதியில் கைத்தடியோடு வீடு திரும்பினார். அந்தக் கோடையில் எல்ம் மரத்தின் ஒரு சிறு கிளை காய்ந்துபோயிற்று, மற்றவை தழைத்தன. 2016 மார்ச்சில் ஒரு காலைப்பொழுது, அவர் நாற்காலியில் அமர்ந்து சொல்லச் சொல்ல, மகனே மரத்தை மாற்றினான். மூங்கில் குச்சியால் பழைய மண்ணை உதிர்த்து, நீண்ட வேர்களை நறுக்கி, துளைமீது வலை வைத்து, மெல்லிய கம்பியால் மரத்தைத் தொட்டியோடு கட்டி, மண்மணிகளை இட்டான். நாம் தொலைவில் நின்று பார்த்தோம். கைவைக்க அனுமதி கிடைக்கவில்லை. முடிந்ததும் ஆறு சில்லுகளில் ஐந்தை அவர் ஒரு மரப்பெட்டியில் வைத்துக்கொண்டார். ஆறாவதை மகனிடம் தந்தார். மகன் அதை நம்மிடம் தந்துவிட்டான். "நீங்களே வச்சுக்கங்க அத்தா" என்றான். அவன் அதை எந்தக் கருத்தில் சொன்னான் என்று நாம் கேட்டுக்கொள்ளவில்லை.

2017இல் ஊர் திரும்பினோம். ஆண்டுக்கு ஒருமுறை, இளவேனிலில், பெரியவரின் மகள் தொலைபேசிக்கு ஒரு படம் அனுப்புவார். அண்மைய படத்தைக் கல்லூரியிலிருந்து வந்திருந்த மகனிடம் காட்டினோம். புதுத் தளிரோடு எல்ம் மரம். அதன்கீழ் பச்சைத் தொட்டி. பெரிதாக்கிப் பார்த்தான். இடப்பக்க விளிம்பில், நீர் வழியும் இடத்தில், ஒரு விரற்கடை அளவுக்குப் பளபளப்பு மங்கத் தொடங்கியிருக்கிறது என்றான். நமது கண்ணுக்கு அது தெரியவில்லை. கண்ணாடியை மாற்ற வேண்டும் போலும்.